பயம் ஏற்றும் நாற்காலி

இன்னும் வரவில்லை. தோள்பட்டையில் ஆரம்பித்துக் கழுத்துக்கு ஏறுவாயே, எங்கே இருக்கிறாய்? இத்தனை வருஷமாக யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டாய். பாத்திரம் உருண்டால் வந்தாய், பஸ் கதவு சாத்தினால் வந்தாய். இன்றைக்கு உன்னைத் தேடி உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் பார்த்து எங்கே போய்த் தொலைந்தாய்?

கோமதி தன் பயத்தைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதுகில் ஐந்தாறு இடங்களில் ஒட்டியிருந்த கம்பிகள் நாற்காலிக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து சுவருக்குள் போயின. தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த அறை. அங்கே இரும்புச் சட்டத்தில் ஒரு இழைத் தகடு தொங்கியது, காயப்போட்ட பாவாடை மாதிரி துவண்டு. அதற்கு எதிரே காற்றுப் பீரங்கியின் நீண்ட குழல். குழலுக்குள் விரல்நகம் அளவில் ஒரு இரும்புச் சில்லு. பீரங்கிக்காரர் சகாயம் விசைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் மென்றுகொண்டிருந்தார். எப்போது சுடுவார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. இயந்திரத்திடம் விட்டுப் பார்த்தார்கள். அதற்கென்று ஒரு தாளம் இருந்தது, கோமதியின் உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் தாளமே இல்லாத சகாயத்திடம் விசையைக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சொல்லக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. மனசுக்குத் தோன்றும்போது இழுக்க வேண்டும்.

உயரச் சன்னலில் கயத்தாற்றுக் காற்றாலை ஒன்று மெல்லச் சுற்றியது. மகள் உமையாளின் வெள்ளைச் சட்டை காய்ந்திருக்குமா என்று கோமதி நினைத்தாள். இந்தக் காற்றுக்குக் காய்ந்திருக்கும்.

டப்பென்று வெடித்தது. அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். எல்லோரையும் போல, சத்தம் கேட்ட பிறகு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகடு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓட்டை. பின்பக்கத்து இழைகள் பிய்த்துப்போட்ட தேங்காய் நார் போல விரிந்து நின்றன.

சகாயம் தகட்டைக் கழற்றி எடுத்து வந்தார். சில்லு பட்ட தகடு பிறகு துவளாது, விறைத்தே நிற்கும். ஓட்டையைப் பார்த்தாலே போதும். ஆனால் வழக்கத்தை விடமாட்டார். சட்டைப்பையிலிருந்து பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஓட்டையைச் சுற்றித் தட்டினார். நல்ல இடத்தில் 'டிங்'கென்றும், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் 'தொப்'பென்றும் கேட்கும். இன்றைக்கு விளிம்பு வரைக்கும் தொப் தொப் என்றது.

"மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள பூராவும் விட்டுப்போச்சு" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கோமதி, இன்னைக்கு சாமி வரலையோ?" என்றார்.

"வரல அண்ணாச்சி."

"நான் வேணா முகத்தைக் கொஞ்சம் பயங்கரமா வச்சுக்கிடவா?"

"இப்பவே அப்படித்தான இருக்கு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கப் பார்த்தாள். ஆய்வகத்தின் தலைவி பத்மஜா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

பத்மஜாவைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து வந்து இந்தப் பொட்டல்காட்டில் தனியாகத் தங்கி, தகட்டையே பிள்ளை மாதிரி வளர்க்கிறவள். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கோமதி, நல்லா தூங்குறீங்களா?"

திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது கேள்வி.

"தூங்குதேன் மேடம். கொஞ்ச நாளா."

"மாத்திரையா?"

"பாளையங்கோட்டை டாக்டர் குடுத்தாரு. பேசவும் வைக்காரு, வாராவாரம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுவாரு."

பத்மஜா தலையசைத்தாள். "சந்தோஷம்தான். உங்களுக்காகச் சந்தோஷம். ஆனா இந்தத் தகடு எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொன்னாள். பழைய கவசத் தகடு எந்நேரமும் விறைப்பாகவே இருக்கும். கனம், வேக்காடு. கொதிகலன் பக்கத்தில் நிற்கிற ஆள் அதை அரை நாழிகை போட்டிருந்தால் அதிசயம். கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். அவன் செத்த பிறகும் அது ஆணியிலேயே தொங்கும். புதுத் தகடு துணி மாதிரி. போட்டிருப்பதே தெரியாது. மின்சாரம் பாய்ந்தால் மட்டும் கல்லாக இறுகும். ஆனால் சில்லு புறப்பட்ட பிறகு இறுகத் தொடங்கினால் நேரம் போதாது. அதற்கு முன்னாலேயே இறுக வேண்டும். உலோகம் வெடிக்கும் முன் ஏதோ ஒன்று மாறுகிறது, சத்தமோ அதிர்வோ. காதுக்கு எட்டாது, தோலுக்கு எட்டிவிடும். எல்லார் தோலுக்கும் எட்டும். ஆனால் யாரும் தங்கள் தோலைக் கவனிப்பதில்லை. போட்டிருப்பவரின் தோலைத் தகடு கவனிக்கும். பயம் எப்படி இருக்கும் என்று அதற்கு யாராவது கற்றுக்கொடுத்தால்.

"நீங்க கத்துக்கொடுத்தீங்க. அது மறந்துபோயிட்டே இருக்கும். அதனாலதான் திரும்பத் திரும்ப உங்களை உக்கார வைக்கிறோம். நீங்க பதறாம உக்காந்தா, பதறாம இருக்கிறதையும் அது கத்துக்கும்."

ஆய்வகத்தில் இதற்குப் 'பயம் ஏத்துறது' என்று பெயர். செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுகிற மாதிரி. இன்னைக்கு யாருக்குப் பயம் ஏத்தணும், தென்காசிக்குப் போகிற கவசத்துக்கு ஏத்தியாச்சா என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

கோமதி சாய ஆலையில் வேலை பார்த்தபோது கொதிகலன் வெடித்தது. வெடிப்பதற்கு முன் அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். ஏன் போனாள் என்று இன்றுவரை தெரியாது. கூட நின்ற இரண்டு பேர் சல்லடையாகிப் போனார்கள். அவள் தோள்பட்டைக்குள் ஒரு சில்லு தங்கிவிட்டது. எடுத்தால் கை போய்விடும், இருக்கட்டும் என்றார்கள் மருத்துவர்கள். அன்றிலிருந்து அவள் உடம்பு தூணைத் தேடிக்கொண்டே இருந்தது.

"மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்களேன்" என்றாள் பத்மஜா. குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சல் இருந்தது, அதுதான் கஷ்டம். "அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும். நாங்களும் தேடிட்டுத்தான் இருக்கோம். உங்களை மாதிரி ஒரு உடம்பு கிடைக்கல."

*

அன்று சாயங்காலம் உமையாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கோமதி வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அவள் வந்தது தெரியவில்லை. பையை இறக்கிவைத்து, செருப்பைக் கையில் எடுத்து ஓரமாக வைத்து, கதவை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி சாத்தினாள். அடுக்களைக்குப் போய்த் தம்ளரை எடுத்தாள். கீழே வைப்பதற்கு முன் துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் வைத்தாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏழு வயசுப் பிள்ளை இருக்கிற வீடு என்று அக்கம்பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

பாளையங்கோட்டை டாக்டரிடம் போனதே அதனால்தான். பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாள். பலூன் வெடித்ததும் மற்றப் பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்களாம். உமையாள் மட்டும் பலூனைப் பார்க்காமல் அந்த அறை முழுக்க எதையோ தேடினாளாம். "அம்மா எங்க, அம்மா எங்க" என்று கேட்டுவிட்டு, அம்மா அங்கே இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாளாம். அந்த வீட்டுக்காரி இதைத் தமாஷாகத்தான் சொன்னாள். கோமதி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கணவன் சுடலை வேலை முடிந்து வந்தான். எரிவாயு உருளை நிரப்பும் நிலையத்தில் அவனுக்கு வேலை. கவசத்தைக் கழற்றி உதறிக் கொடியில் போட்டான்.

"இன்னைக்கு மேஸ்திரி ஒரு கத்து கத்துனான். கவசம் கல்லு மாதிரி இறுகிட்டு. குனியவும் முடியல, நிமிரவும் முடியல. அந்தாளு என்னன்னா நான் அவனை மொறைக்கேன்னு நினைச்சுக்கிட்டான்."

"நல்லா வேணும்."

"உன் பயம்ட்டி அது. என் முதுகுல ஏறி உக்காந்து ஊரு சுத்துது."

அவன் சிரித்தான். கோமதி சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். அவள் பத்மஜா சொன்னதைச் சொன்னாள். அவன் கொடியில் தொங்கிய கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மந்திரத்தை நினைச்சா..." என்றான் கடைசியில். மந்திரம் அவனோடு வேலை பார்ப்பவன். போன மழைக்கு முன்னால் உருளையின் வால்வு பிய்த்துக்கொண்டு பறந்தபோது அவன் நெஞ்சில் பட்டது. கவசம் முன்னாலேயே இறுகிவிட்டது. விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டதோடு போயிற்று. அவன் பெண்டாட்டி வந்து கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். சுடலை தொடர்ந்தான்: "உன்னைய மாத்திரை போடச் சொல்லவும் முடியல, நிறுத்தச் சொல்லவும் முடியல. நீயே பாத்துக்கோ."

நீயே பாத்துக்கோ. எல்லோரும் கடைசியில் அதைத்தான் சொல்கிறார்கள். ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற மாதிரி.

கோமதி மாத்திரையை நிறுத்தினாள். மந்திரத்தின் பெண்டாட்டியுடைய கை அவள் கைக்குள் இன்னும் இருந்தது.

அது திரும்பி வர அதிக நாள் ஆகவில்லை. போன இடத்திலிருந்து ஓடி வந்த மாதிரி வந்தது. குக்கர் கூவுமுன் கழுத்து விறைத்தது. தூக்கம் போயிற்று. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்து சன்னலைப் பார்க்கத் தோன்றியது. ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றவள், உமையாள் குக்கரை நோக்கி விறுவிறுவென்று வந்து, விசில் வருமுன் அடுப்பை அணைப்பதைப் பார்த்தாள். பிள்ளையின் கண் குக்கர் மேல் இல்லை. அம்மாவின் கழுத்தின் மேல் இருந்தது.

அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

*

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். ஆய்வகத்துக்கு விடுமுறை இல்லை. சுடலையும் வேலைக்குப் போய்விட்டான். உமையாளைத் தனியே விட முடியாமல் கோமதி கூட்டிக்கொண்டு போனாள்.

சகாயத்துக்குப் பிள்ளையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். கடலை மிட்டாய் கொடுத்தார். அவள் அதைச் சத்தம் வராமல் கடித்தாள். ஒரு பழைய தகட்டையும் தன் ஐந்து ரூபாயையும் கையில் கொடுத்து, "தட்டிப் பாரு மக்கா. மணி மாதிரி கேக்கும்" என்றார். உமையாள் நாணயத்தைத் தகட்டில் ஒற்றி எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"அட, தட்டச் சொன்னா தடவிக் குடுக்கா பாரு. பலமாத் தட்டு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் ஒற்றினாள்.

பரிசோதனை அறைக்குப் பின்னால் பார்வையாளர் இருக்கை. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாகக் கோமதியின் நாற்காலி தெரியும், பீரங்கி தெரியாது. ஏசி குளிருக்குப் பிள்ளை ஒடுங்குவதைப் பார்த்து, சகாயம் அனுப்பத் தயாராக இருந்த கவசம் ஒன்றைக் கொண்டுவந்து அவளைப் போர்த்திவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. தோளுக்குள் இருந்த சில்லு குளிர்ந்தது. இப்போது. இல்லை. இப்போது. இல்லை. கழுத்து விறைத்தது. இதோ.

டப்.

தகடு நின்றது. சில்லு அதன்மேல் நசுங்கிக் கீழே விழுந்து உருண்டது. சகாயம் தட்டினார்: டிங், டிங், டிங்.

ஆனால் பத்மஜா இந்தப் பக்கமே வரவில்லை. கவசங்கள் இறுகுவதைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் பார்வையாளர் இருக்கைக்கு ஓடினாள். கோமதி கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

உமையாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் மேலே போர்த்தியிருந்த கவசம்தான் ஓடு மாதிரி இறுகி நின்றது. அதற்குள் தலையும் கையும் வெளியே தெரிய ஆமைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தகட்டுக்கு முன்னாடியே இது இறுகியிருக்கு" என்றாள் பத்மஜா. மூச்சு வாங்கியது. "எவ்வளவு முன்னாடி தெரியுமா? இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்ல. உங்களுக்கே வந்ததில்ல. பிறவியிலேயே இருந்திருக்கு. உங்க ரத்தம்."

கவசம் மெல்லத் தளர்ந்தது. உமையாள் அம்மாவைப் பார்த்து, "நான் சத்தம் போடலம்மா" என்றாள்.

கோமதி அவளை வெளியே வராந்தாவுக்கு அனுப்பினாள். சகாயமும் கூடப் போனார். போகும்போது ஓட்டை விழுந்த பழைய தகடொன்றைக் கையிடுக்கில் எடுத்துக்கொண்டார்.

பத்மஜாவின் அறையில் சன்னல் திறந்திருந்தது. பத்மஜா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். தம்ளரை மேசையில் அவள் 'ணங்'கென்று வைத்தபோது கோமதியின் தோள் துள்ளியது.

"நீங்க மாத்திரையைப் போட ஆரம்பிக்கலாம்" என்றாள் பத்மஜா. "அதைத்தான் முதல்ல சொல்லணும்னு நினைச்சேன். உங்களுக்கு விடுதலை. எனக்கு ரொம்ப நாளா மனசு உறுத்திட்டே இருந்தது. உமையாள் மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். வலி கிடையாது. நாற்காலியில கூட உக்கார வேண்டாம், பொம்மை வச்சு விளையாடட்டும். மேல ஒரு கவசம், அவ்வளவுதான்."

கோமதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கரும் கழுத்தும் ஞாபகம் வந்தன. அந்தப் பலூன் ஞாபகம் வந்தது. துண்டை நான்காக மடிக்கிற சின்ன விரல்கள். வீட்டில் நான் பேசாமல் இருந்த நேரமெல்லாம் அவள் என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மேடம், அவ உக்காந்த இடத்துல இருந்து பீரங்கி தெரியாது."

"தெரிய வேண்டாமே. தோல்தான..."

"நான் தெரிவேன்."

பத்மஜா புரியாமல் பார்த்தாள்.

"அவ பீரங்கியைக் கேக்கல. என்னையக் கேக்கா. நான் பதறப் போறேன்னு எனக்குத் தெரியிறதுக்கு முன்ன அவளுக்குத் தெரியுது. பொறந்ததுல இருந்து வந்ததில்ல அது. எங்கிட்ட இருந்து படிச்சது. நான் நல்லாயிட்டேன்னா அவகிட்ட ஒண்ணும் இருக்காது மேடம். உங்க கவசம் துணியாத்தான் இருக்கும்."

பத்மஜா நாற்காலியில் மெல்லச் சாய்ந்தாள். கோமதிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பத்மஜாவின் கண் ஓடுவதைப் பார்த்ததும் போயிற்று. அது கணக்குப் போடுகிற கண்.

"அப்படின்னா," என்றாள் பத்மஜா மெதுவாக, "நீங்க நாற்காலியில, அவ கண்ணாடிக்குப் பின்னாடி. ரெண்டு பேருமா. நீங்க இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா..." பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "எத்தனை பேர் இதைப் போட்டிருக்காங்கன்னு யோசிங்க. உங்க வீட்டுக்காரர் போட்டிருக்கார். மந்திரம்னு ஒருத்தர் உயிரோட இருக்கார். அவங்க வீட்டிலயும் பிள்ளைங்க இருக்கு."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

வராந்தாவிலிருந்து மிக மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. சகாயத்தின் குரல் கேட்டது: "மக்கா, சத்தம் வந்தாத்தான உள்ள நல்லாருக்கா இல்லையான்னு தெரியும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. தட்டு."

"பழைய தகட்டை எடுத்துக் குடுங்க" என்றாள் கோமதி. "கனந்தான். வேக்காடுதான். அரைமணிக்கு ஒருக்க ஆளை மாத்தி நிறுத்தச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், மந்திரத்துக்கிட்டயும் சொல்லுதேன். ஏசுவாங்க. ஏசட்டும். என்னைய வேணும்னா எப்பவும் போல கூப்பிடுங்க, வாறேன். மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வருவேன். பயத்துல மிச்சம் என்ன இருக்கோ, அதை ஏத்திக்கிடுங்க."

"அது போதாது, கோமதி."

"போதாதுதான்."

டிங்.

கோமதியின் தோள் துள்ளியது. தம்ளரில் தண்ணீர் தளும்பியது. வெளியே ஒரு நொடி அமைதி, பிள்ளை காத்திருக்கிறாள். உள்ளேயிருந்து அம்மா வருகிறாளா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோமதி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிங். தொப். டிங்.

"வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை" என்றாள் பத்மஜா. "ஒரே தடவை கூட்டிட்டு வாங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் மேடம்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையும் முடியாது."

டிங், டிங், தொப், டிங். தாளமே இல்லாமல், சகாயம் சுடுகிற மாதிரியே, எப்போது வரும் என்று சொல்ல முடியாத சத்தம். ஒவ்வொன்றுக்கும் கோமதியின் தோள் துள்ளியது. முகம் வெளுத்திருந்தது. அதைக் கண்ட பத்மஜா, நல்லவள்தான், சட்டென்று எழுந்து சன்னல் பக்கம் போனாள்.

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நிறுத்தச் சொல்றேன்."

"வேண்டாம் மேடம்" என்றாள் கோமதி. "தட்டட்டும்."